கதைக்காக ஆகாயம் ஏறுதல்: யாழ்ப்பாணத்து எழுத்தாளருக்கு

பலூனில் போகிற கதாநாயகியின் கூந்தல் காற்றில் அலைந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் பலூனில் ஏறியதில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும். பலூன் காற்றை எதிர்த்துப் போவதில்லை. காற்று எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் அதனோடு சேர்ந்து போகிறது. ஆகவே கூடைக்குள் நிற்பவருக்குக் காற்றே அடிக்காது. மணிக்கு 15 கிலோமீற்றரில் வயல்களுக்கு மேலால் போய்க்கொண்டிருக்கும்போதும் கொப்பியின் தாள் புரளாது.

இப்படி இன்னும் சில உண்டு. வில்லன் துவக்கால் சுட, பலூன் டமாரென்று வெடிக்கிறது. உண்மையில் வெடிக்காது. துணியின் அடிவாய் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு; ஒரு சன்னத் துளையால் சூடு மெல்லக் கசியும், அவ்வளவுதான். பரசூட் விரிந்ததும் ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகிறது என்பதும் பிழை. வீடியோவில் அப்படித் தெரிவதற்குக் காரணம், படம் பிடிப்பவர் தொடர்ந்து விழுந்துகொண்டிருப்பது. விழுகிற இரண்டு பேரும் சுழன்று சுழன்று சண்டை போட்டுக்கொண்டே வசனம் பேசுகிறார்களே, மணிக்கு 200 கிலோமீற்றர் காற்றில் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது.

ஒருமுறை மேலே போய்வந்தால் இவற்றில் பாதி தானாகத் திருந்தும். ஆனால் சும்மா போய்வந்தால் பயமும் படங்களும்தான் மிஞ்சும். என்ன கேள்வியோடு போகிறோம் என்பதைத் தரையிலேயே முடிவுசெய்துவிட்டு ஏற வேண்டும். இந்தக் குறிப்பு முழுக்க அதற்காகத்தான்.

எந்தக் காட்சிக்கு எந்தச் சவாரி

உங்கள் கதையில் உடம்புக்கு என்ன நடக்கிறது? மிதக்கிறதா, சறுக்குகிறதா, விழுகிறதா, இழுபடுகிறதா? நான்கும் நான்கு விதமான அனுபவம். ஒன்றில் பெற்றதை மற்றதில் போட்டால் ஒட்டாது.

மிதப்புக்கு வெப்பக்காற்று பலூன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போய்ச் சேரக்கூடியதும் அதுதான்: தம்புள்ளை, கண்டலமைக் குளப்பக்கம். சறுக்கலுக்கு, துணிச்சிறகில் தொங்கிப் பறக்கும் பராகிளைடிங். அதற்கு மலை வேண்டும், எங்கள் குடாநாட்டில் மலைக்கு எங்கே போவது; இந்தியாவின் பீர் பில்லிங் அல்லது நேபாளத்தின் பொக்காராவுக்குப் போக வேண்டும். விழுவதற்கு, பயிற்றுனரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும் இரட்டையர் பரசூட் குதிப்பு. இழுபடுவதற்கு எங்கும் போகத் தேவையில்லை, தைமாதம் பட்டம் ஏற்றும் வல்வெட்டித்துறைக் கடற்கரையே போதும்.

முதல்முறை போகிறவருக்கு எங்கள் பரிந்துரை பலூன். ஒரு மணித்தியாலம் முழுதாகக் கிடைக்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும், கேட்டால் பதில் சொல்ல விமானி பக்கத்திலேயே நிற்பார். குதிப்பில் எல்லாம் சேர்ந்தே ஆறேழு நிமிடம். அதில் முதல் சில விநாடி பலருக்கு நினைவிலேயே தங்குவதில்லை.

பட்டக் கயிற்றில் ஒரு பாடம்

2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரிய பட்டமொன்றைப் பலர் சேர்ந்து ஏற்றும்போது, மற்றவர்கள் கையை விட, ஒருவர் மட்டும் கயிற்றோடு மேலே போன காணொளியை உலகமே பார்த்தது. அவர் உயிர் தப்பினார். அந்தக் காட்சியை யாரும் திரும்பச் செய்து பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கணக்கை எழுத்தாளர் தெரிந்திருக்க வேண்டும்.

காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நாலு மடங்காகும். 12 சதுர மீற்றர் பட்டம் ஒன்றுக்கு மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் ஏறக்குறைய 18 கிலோ இழுவை; ஒருவர் தனியாகவே பிடிக்கலாம். அதே பட்டத்துக்கு 36 கிலோமீற்றர் காற்றடித்தால் 70 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஆளொருவரின் முழுநிறை. வாடைக்காற்று ஒரு மூச்சு கூடி வீசினாலே அந்த இடைவெளி கடந்துபோகும். ஆபத்து மெல்ல மெல்ல வருவதில்லை, ஒரே தட்டாக வருகிறது என்பதுதான் இதில் கதைக்காரருக்குரிய விசயம்.

இழுவையை உணர்ந்து எழுத வேண்டுமென்றால் நடுத்தர எட்டுமூலை ஒன்றோ கொக்குப் பட்டமோ போதும். கயிற்றின் நுனியைப் பூவரச மரத்தில் கட்டுங்கள். மீன்சந்தையில் தொங்கவிட்டு நிறுக்கும் 50 கிலோ சுருள்வில் தராசைக் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் கொளுவுங்கள். தடித்த கையுறை போட்டு, தராசுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் கை சொல்வதையும் முள் காட்டுவதையும் பக்கம் பக்கமாகக் குறித்தால், 'பலமாக இழுத்தது' என்ற சோம்பேறி வரிக்குப் பதில் வேறு ஏதாவது வரும். விண் (காற்றில் கூவும் நார்) கட்டிய பட்டமென்றால் அதன் கூவல் கயிறு வழியாக உள்ளங்கைக்கே இறங்கும், அதையும் குறியுங்கள். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக்கூடாது. மின்கம்பிப் பக்கத்திலும் பலாலி விமான நிலையச் சுற்றிலும் இந்த வேலை வேண்டாம்.

கண்டலமைக்குப் போதல்

பலூன் பருவம் வழமையாக நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. கார்த்திகை, மார்கழியில் மழை குறுக்கிடும். தை பிறந்த பிறகு வானம் நம்பகமானது. பறப்பு சூரிய உதயத்தோடுதான். வெயில் ஏறினால் தரை சூடாகி, காற்று குமிழ்குமிழாக மேலெழும்பும். அதில் அகப்பட்ட பலூன் விமானியின் சொல் கேட்காது. (பலூன்காரர் பயந்து ஓடுகிற அதே வெயிலைத்தான் பராகிளைடர்காரர் தேடிப் போகிறார்.)

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி போகும் பஸ் ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி தாண்டித் தம்புள்ளைக்குள்ளாகத்தான் போகும். விடிய வெளிக்கிட்டால் பின்னேரத்துக்குள் போய்ச் சேரலாம். கட்டாயம் இரண்டு இரவு தங்குங்கள். காற்றுக் கூடினாலோ பனிமூட்டம் விழுந்தாலோ பறப்பை நிறுத்திவிடுவார்கள், மறுநாள்தான். ஒரே இரவு தங்குகிறவர்களில் பலர் ஆகாயத்தைப் பார்க்காமலே திரும்பி பஸ் ஏறுகிறார்கள். பறப்பு நின்றுபோனால் காசு திரும்பக் கிடைக்குமா, மறுநாள் இடம் தருவார்களா என்று பதியும்போதே எழுத்தில் வாங்குங்கள். உள்நாட்டவருக்குத் தனிக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்; கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள்.

இன்னும் மூன்று கேள்வி. இலங்கை சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா? விமானிக்கு எத்தனை மணித்தியாலப் பறப்பு? பயணியின் காப்புறுதி எவ்வளவு? முகம் சுழிக்காமல் பதில் சொல்கிறவரிடம் போங்கள். உங்கள் சொந்த ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கள். ஆகாய விளையாட்டுகளை விலக்கும் வரி பலவற்றில் ஒரு மூலையில் இருக்கும்.

உடுப்பு: பருத்தியில் நீளக் காற்சட்டை, நீளக்கைச் சட்டை. நைலோன் வேண்டாம், தலைக்கு மேல் நெருப்பு எரியும். சேலையும் சாரமும் சரிவராது. கூடைக்குக் கதவு இல்லை, பிரம்பில் விட்டிருக்கும் துளைகளில் கால் வைத்து நெஞ்சளவு உயரத்தை ஏறிக் கடக்க வேண்டும். மூடிய சப்பாத்து. தொப்பி ஒன்று, முக்கியமாக உயரமானவருக்கு. தை மாத விடியலில் குளிரும், மேலே போனால் இன்னும் குளிரும் என்று எல்லோரும் ஸ்வெட்டரோடு வருவார்கள். பலூனைச் சூடாக்கும் காஸ் பேர்னர் எரியத் தொடங்கியதும் கழட்டுவார்கள்.

கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், முழங்கால் அல்லது முதுகெலும்பில் கோளாறு உள்ளவர்கள் போகக்கூடாது. ஒரு மணித்தியாலம் நின்றபடி இருக்க வேண்டும். இறங்கும்போது ஒரு குலுக்கு இருக்கும்.

கேள்வித்தாள்

பறப்புக்கு முதல்நாள் இரவு எழுத வேண்டியது இது. பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். கூடினால் ஆகாயத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். 'எப்படி இருந்தது' என்ற மாதிரிக் கேள்விக்கு இடமில்லை. பதில் ஓர் இலக்கமாக, ஒரு சத்தமாக, உடம்பின் ஓர் இடமாக வரக்கூடிய கேள்விகள் வேண்டும்.

தரை விட்ட கணம் எந்த உறுப்புக்கு முதலில் தெரிந்தது? மனிதக் குரல் எந்த உயரத்தில் சொல்லாகக் கேட்பது நின்று வெறும் ஒலியாகிறது? நாய் குரைப்பது எதுவரை கேட்கிறது? மாட்டையும் எருமையையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது எப்போது? யார் முதலில் பேசினார், என்ன பேசினார்? கை எதைப் பிடித்திருந்தது, எப்போது விட்டது? கூடைக்குள் யாருக்கும் பயம் வந்தால் அது எப்படிக் காட்டியது? கடைசிக் கேள்வியின் இடத்தில் மற்றப் பயணிகளைப் பாருங்கள். உங்கள் பயத்தைவிட அவர்களுடையதுதான் கதைக்கு உதவும்; பயந்தவர் அநேகமாகக் கத்தமாட்டார், படம் எடுத்துக்கொண்டே இருப்பார்.

கருவி: சட்டைப் பையில் அடங்கும் கொப்பி, நூலால் மணிக்கட்டில் கட்டிய பென்சில். ஃபோனையும் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். ஒலிப்பதிவு செய்வதானால் ஃபோனைச் சட்டைக்கு உள்ளே வையுங்கள். வெளியே வைத்தால் பேர்னர் இரைச்சலில் பதிவு கிழிந்துபோகும். கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே மணி எழுதிவையுங்கள்: 6.05, 6.15, 6.25. மேலே நேரம் இழுபடவும் செய்யும், சுருங்கவும் செய்யும். பின்னால் வரிசைப்படுத்த இந்த மணிக்குறிப்புத்தான் துணை.

தரையிலிருந்து மேலே

இருட்டுக்குள்ளேயே கூட்டிப்போவார்கள். பலூன் தரையில் நீட்டி விரித்திருக்கும், கூடை பக்கவாட்டில் சரிந்து கிடக்கும். ஒரு பெரிய விசிறி குளிர்காற்றை உள்ளே ஊதும். பத்து நிமிடத்தில் துணி பாதி வயிறு வைக்கும். பிறகு பேர்னரைக் கிடையாகப் பிடித்து நெருப்பை உள்ளே விடுவார்கள். துணி மெல்ல எழும்பி நிற்க, கூடையும் நிமிரும். இந்த இருபது நிமிடத்தைத் தேநீர் குடிப்பதில் வீணாக்காதீர்கள். பெரும்பாலான பலூன் கதைகளில் இல்லாத பகுதி இதுதான்.

ஏன் எழும்புகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 100 பாகை சூட்டிலுள்ள ஒரு கனமீற்றர் காற்று, 25 பாகை வெளிக்காற்றைவிட ஏறக்குறைய 240 கிராம் இலேசு. 3,000 கனமீற்றர் பலூனென்றால் 720 கிலோ. துணி, கூடை, காஸ் சிலிண்டர், ஆட்கள் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் பதியும்போது உங்கள் நிறையைக் கேட்கிறார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். வெளிக்காற்று சூடாக இருந்தால் இந்த 240 குறையும். எங்கள் நாட்டு வெக்கையில் விடியலைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பேர்னரைக் கிட்ட நின்று பாருங்கள். நடுவில் சின்ன நீலச்சுடர் ஒன்று எப்போதும் 'உஸ்' என்று எரிந்துகொண்டிருக்கும். கையுறை போட்ட விமானி கைபிடியை அழுத்தியதும் இரண்டு மூன்று மீற்றர் உயரத்துக்கு மஞ்சள் தீ பாயும். பக்கத்தில் நிற்பவரின் பேச்சு அறுந்துவிடும். பிடரியிலும் காதுமடலிலும் அடுப்புவாய்ச் சூடு. துணியின் உட்புறம் முழுக்க ஒளிரும். காஸுக்குக் கலந்திருக்கும் அழுகல் மணம் ஒரு கணம் மூக்கில் தட்டும். கையை எடுத்ததும் அமைதி, அதுவும் சாதாரண அமைதி அல்ல, காதுக்குள் கூவுகிற அமைதி. அந்த இடைவெளியில்தான் கீழே சேவல் கூவுவதும், விகாரையின் ஒலிபெருக்கியும், யாரோ வாளியை வைக்கும் சத்தமும் தெளிவாக மேலேறி வரும்.

ஒன்று கவனியுங்கள்: தீ விட்டதும் பலூன் உடனே ஏறாது. தோசைக்கல் காய நேரமெடுப்பது போல, சில விநாடி கழித்துத்தான் பதில் சொல்லும். விமானி எப்போதும் இனி வரப்போகும் கணத்துக்காகவே கை அசைக்கிறார். மரம் நெருங்கியபின் தீ விட்டால் பிந்திவிடும். விறுவிறுப்பான காட்சி எழுதுகிறவர்களுக்கு இந்தத் தாமதம் தங்கம்.

திசைதிருப்பச் சுக்கான் கிடையாது. காற்று மட்டத்துக்கு மட்டம் வேறு திசையில் வீசும். ஏறி இறங்கித் தனக்கு வேண்டிய திசையைத் தேடுவதுதான் விமானியின் வித்தை. அவர் கீழே துப்பி, எச்சில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதைக் கண்டால் முகம் சுழிக்காதீர்கள், கீழ்க்காற்றை அளக்கிறார்.

பனையேற அஞ்சுகிறவர்களும் தண்ணீர்த் தாங்கியின் மேல் நின்றால் தலைசுற்றுகிறவர்களும் பலூனில் நிதானமாக நிற்பதுண்டு. கால் முதல் தரைவரை ஓடுகிற மரமோ சுவரோ இல்லாததால் கண்ணுக்கு உயரத்தை அளக்க ஏணி கிடைப்பதில்லை. உங்கள் பாத்திரத்துக்கு உயரப் பயம் இருந்தால், அது கூடையில் வரவேண்டிய இடம் நடுவானம் அல்ல. தரையிலிருந்து ஒரு பனை உயரத்தில், இன்னும் கீழே உள்ளவை தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும்போது.

போர்க்காலத்தில் எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு குறிப்பு. பொம்மரும் கிபிரும் தலைக்கு மேல் போன சத்தத்தை உடம்பு மறக்காது. பேர்னரின் முதல் இரைச்சலுக்குத் தோள் தானாகக் கூனலாம், கண் பதுங்குகுழியைத் தேடலாம். அப்படி நடந்தால் அதையும் நேரத்தோடு குறியுங்கள். அமர்ந்துகொள்ள வேண்டும் போலிருந்தால் விமானியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எப்போது அழுத்தப் போகிறார் என்று சொல்லிவிட்டு அழுத்துவார்.

இறங்குதல்

இறங்கும் நிலை என்று விமானி சொன்னதும் கொப்பி, ஃபோன், கமரா எல்லாம் பைக்குள். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கூடைச் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கி, உள்ளே இருக்கும் கயிற்றுப்பிடிகளைப் பிடியுங்கள். வெளிவிளிம்பைப் பிடித்தால் விரல் நசியும். காற்று இல்லாத நாளில் முட்டையை வைப்பது போல் வைப்பார். காற்று இருந்தால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பிறகு கூடை சரிந்து சில மீற்றர் இழுபடும். எழும்பாதீர்கள். வெளியே குதிக்கவும் வேண்டாம்: 70 கிலோ ஆள் ஒருவர் இறங்கினால் அவ்வளவும் பலூனுக்கு மிச்சம், மற்றவர்களோடு திரும்ப எழும்பிவிடும். உச்சியிலுள்ள வட்டமூடியைக் கயிறு இழுத்துத் திறந்து சூட்டை வெளியே விட்டு, விமானி பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே ஒவ்வொருவராக இறங்க வேண்டும்.

இறங்குமுன் நிழலைப் பாருங்கள். ஏறும்போது காலடியிலிருந்து பிரிந்துபோன பலூனின் நிழல், மரங்களுக்கு மேலால் ஓடி ஓடி, கடைசியில் நேரே உங்களை நோக்கி வரும்.

உண்மையான ஆபத்து எங்கே என்பதும் கதைக்கு வேண்டும். பறவை கொத்துவதில் இல்லை. 2013 பெப்ரவரி 26 அன்று எகிப்தின் லக்சோரில் இறங்கும் தறுவாயில் காஸ் குழாய் கசிந்து தீப்பிடித்து 19 பேர் இறந்தார்கள். 2016 ஜூலை 30 அன்று டெக்சாஸின் லொக்ஹார்ட் அருகே மின்கம்பியில் மோதி 16 பேர். நெருப்பும் கம்பியும்தான். வயலுக்கு நடுவே போகும் மின்கம்பிகளை விமானி எப்படிக் கண்ணால் தேடிக்கொண்டே இருக்கிறார் என்று பாருங்கள். கம்பி அநேகமாகத் தெரியாது, தூண்களை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

சறுக்குவதும் விழுவதும்

பராகிளைடிங்கில் பயணி முன்னே, விமானி பின்னே. பீர் பில்லிங்கில் சுமார் 2,400 மீற்றரில் ஓடித் தொடங்கி ஏறக்குறைய 1,000 மீற்றர் கீழே இறங்குவார்கள். மழைக்காலத்தில் பறப்பு இல்லை. இங்கே ஒரே ஒரு பொருளைக் கிட்டப் பார்த்துக்கொள்ளுங்கள்: தொடையைச் சுற்றும் இரண்டு பட்டி. நெஞ்சுப்பட்டியைப் பூட்டிவிட்டுத் தொடைப்பட்டியை மறந்தால், தரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். கால் தரையை விட்டதும் ஆள் ஹார்னெஸிலிருந்து (உடம்பைத் தாங்கும் பட்டிக்கட்டு) கீழே வழுகத் தொடங்குவார். அனுபவமுள்ளவர்களே இதில் செத்திருக்கிறார்கள். விமானி பூட்டிய பிறகும் நீங்களே இரண்டையும் தொட்டு இழுத்துப் பாருங்கள். கொலைக்கதை எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

புதியவர்கள் விடும் பிழை, ஓடச் சொன்னால் நாலு அடி ஓடிவிட்டு இருக்கப் பார்ப்பது. துணி இன்னும் முழுநிறையைத் தாங்கத் தொடங்கியிராது. இரண்டு பேரும் கல்லில் இருப்பார்கள். கால் காற்றில் உதைபட்டபின்னும் ஓடிக்கொண்டே இருங்கள். மேலே வேகம் மணிக்கு 38 கிலோமீற்றரளவு, காற்று முகத்தில் அடிக்கும். இங்கே கூந்தல் பறக்கலாம், ஹெல்மெட்டுக்கு வெளியே இருந்தால். உயர்காற்றுக் குமிழில் வட்டமடிக்கும்போது, ஏறுகிற வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர் 'பீப் பீப்' என்று கூவும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் பலருக்கு வயிற்றைப் பிரட்டும். வெறுவயிற்றோடு போனால் இன்னும் மோசம். ஒரு மணித்தியாலம் முன்பு இரண்டு இடியப்பமோ பாணோ போதும். சத்திக் குளிசை போட்டால் நித்திரை தூங்கும், பார்த்தது பாதியும் மங்கிவிடும். அதைவிடப் பார்வையைத் தூரத்து மலையில் வைத்திருப்பது நல்லது.

குதிப்பு வழமையாக 4,000 மீற்றரளவில். 30 பாகை வெயிலில் ஏறினால் அங்கே நாலு பாகைதான், உயரம் ஒரு கிலோமீற்றருக்கு ஆறரைப் பாகை குறைகிறது. வயிறு தொண்டைக்கு வரும் உணர்வு பெரும்பாலும் வராது: விமானம் ஏற்கெனவே வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால், உடம்புக்கு அது விழுவதாகவே தோன்றாது, பெருங்காற்று ஒன்றின் மேல் படுத்திருப்பது போலிருக்கும். ஐம்பது விநாடியளவு இப்படி, பிறகு 1,500 மீற்றரளவில் பரசூட். அதன்பின் ஐந்தாறு நிமிடம் திடீரென்று பேச முடியும். உரையாடல் வைப்பதானால் அங்கே வையுங்கள். மூச்சு வரவில்லை போலிருந்தால் கத்துங்கள். மூச்சை வெளியே விட்டால் அடுத்தது தானாக உள்ளே வரும். இறங்கும்போது முழங்காலைக் கையால் பிடித்துத் தூக்க வேண்டும், வீட்டில் கதிரையில் இருந்து பழகுங்கள். தடிமன், சளி இருந்தால் மூன்று சவாரிக்கும் போகாதீர்கள், குதிப்புக்கு அறவே வேண்டாம். காது அடைத்து நோவெடுக்கும்.

தரைக்கு வந்த அரைமணித்தியாலம்

இறங்கியதும் எல்லோரும் கதைக்கத் தொடங்குவார்கள். நீங்கள் கதைக்காதீர்கள். ஒருமுறை வாயால் சொன்னால், அடுத்தமுறை நினைவில் வருவது பார்த்தது அல்ல, சொன்னது. தேநீரை வாங்கிக்கொண்டு ஒதுங்கி, கேள்வித்தாளைப் பிரித்து, வாக்கியமாக்காமல் சொற்களாக எழுதுங்கள். பிறகு அதே நாள் விமானியிடம் போங்கள். 'பயமாக இல்லையா' என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்லும் பதிலைச் சொல்வார். 'எந்த நாளில் பறக்கமாட்டேன் என்று திரும்பிப் போனீர்கள், அன்று எதைக் கண்டீர்கள்' என்று கேளுங்கள். அவர்கள் தமக்குள் பாவிக்கும் சொற்களைக் கேளுங்கள். கதையில் போடலாமா என்று அனுமதியும் கேளுங்கள்.

குடாநாட்டுக்கு மேலே

கதை யாழ்ப்பாணத்தில் நடக்கிறதென்றால் கண்டலமையில் பார்த்ததை இங்கே கொண்டுவர வேண்டும். உடம்பின் உணர்வு அப்படியே வரும், நிலம் வராது. நிலத்துக்கு மலிவான வழி ஒன்று உண்டு: பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 வகை விமானத்தில் இறக்கை யன்னலுக்கு மேலே இருக்கும், ஆகவே கீழே எதுவும் மறைக்காது. யன்னலோர இருக்கை கேட்டு வாங்கி, ஏறி இறங்கும் முதல், கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள். பனங்கூடல் மேலிருந்து பார்த்தால் மரமாகத் தெரியாது, தரையில் குத்திய நட்சத்திரங்களாகத் தெரியும். வலிகாமத்துச் செம்மண் துண்டுகளை வேலிகள் பிரிக்கும் விதம், ஒழுங்கைகளின் கோணல், கடல்நீரேரியில் ஆழம் குறைந்த இடத்தின் நிறம். கோட்டையின் ஐந்து மூலையும் ஒன்றாகத் தெரிவது மேலிருந்துதான்.

எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்குக் கணக்கு: உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீற்றர் என்று வரும். 100 மீற்றரில் 36. 300 மீற்றரில் 62. காங்கேசன்துறையிலிருந்து கோடியக்கரை ஐம்பது சொச்சம் கிலோமீற்றர். ஆகவே 300 மீற்றரில் மிதக்கும் உங்கள் பாத்திரத்துக்கு அக்கரை தெரியவேண்டும். ஆனால் கடலின் உப்புப்புகார் அநேக நாளில் அதை மறைத்துவிடும். தெரியவேண்டிய தூரத்தில் இருந்தும் தெரியாத கரை என்றுதான் எழுத வேண்டியிருக்கும், அதுவே நல்ல வரி.

எழுதும்போது கொப்பியிலுள்ள எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒரு காட்சிக்கு மூன்று, கூடினால் நாலு விபரம். காஸின் மணமும் தீயின் தாமதமும் ஒரே பந்தியில் வேண்டாம். அந்த 240 கிராம் கணக்கு கதைக்குள் வரவே கூடாது. அது நீங்கள் பிழைவிடாமல் இருப்பதற்கு.

முடித்த அத்தியாயத்தை விமானிக்கு அனுப்புங்கள். அவருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஃபோனில் வாசித்து விளங்கப்படுத்துங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று மட்டும் கேளுங்கள்.